எதிர் அறைக் கொரிய வகுப்பு

பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காத நான் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குளிர் நாட்டில் நான் வேலைக்குப் போகும் ஹொல்ம்லியா புறநகர் ரயிலில் எதிரே இருந்த கொரியப் பெண் கடற்பாசியில் சுற்றிய சோற்றைத் திறந்தார். நல்லெண்ணெய் மணத்தது. சிறுவயதுச் சனிக்கிழமைகளில் இரவல் பள்ளிக்கூடமொன்றில் எங்களுக்குத் தமிழ் வகுப்பு. எதிர் அறையில் கொரிய வகுப்பு. எங்கள் வகுப்பில் என் வயதில் எவருமில்லை. இடைவேளையில் எதிர் அறை மின்ஜிதான் தன் சோற்றுச் சுருளில் பாதி தருவாள். நான் வடை கொடுப்பேன்.

ஒருநாள் அந்த அறை பூட்டிக் கிடந்தது. கொரியப் பிள்ளைகளுக்கென்று சர்வதேச உயர்நிலைப் பள்ளி திறந்துவிட்டார்களாம்.

"உன்னையும் அங்கை சேர்த்துவிடட்டே, பிள்ளை?" என்று தமிழ் ரீச்சர் பகிடிவிட்டார்.

"ஓம், ரீச்சர்."

வகுப்பே சிரித்தது. நான் உண்மையாகத்தான் சொன்னேன்.

ரயிலில் இருந்த பெண்ணுக்கும் என் வயதுதான் இருக்கும். மின்ஜியா என்று கேட்க வாயெடுப்பதற்குள் இறங்கிவிட்டார்.

மறுநாள் வேலை இல்லை. இருந்தும் அதே ரயிலில் ஏறினேன். அவர் வரவில்லை.