படி இறங்காத சோபா

வளைந்த ஊசி ரெக்சின் மடிப்புக்குள் நுழைந்து, அடியிலேயே ஓடி, விரலகலம் தள்ளித் தலை நீட்டியது. இடது கட்டைவிரல் மடிப்பை அமுக்கிப் பிடிக்க, வலது கை நூலைச் சுண்டி இழுத்தது. இழுத்த பிறகு தையல் எங்கே என்று தேடினாலும் கிடைக்காது. சோபாவின் கைப்பிடிக்கு வெளிப்பக்கத் துணியை மூடும் கடைசித் தையல் அது. அந்த இடத்துக்கு மிஷின் எட்டாது; கைதான். கட்டைவிரல் நகம் பாதி கறுத்திருந்தது. சுத்தியல் வைத்த முத்திரை.

இந்தக் கைகளுக்குச் சொந்தக்காரியை அந்தத் தெருவில் யாரும் இன்னும் நின்று பார்த்ததில்லை. மாடி வீட்டுக்குக் குடிவந்து ஒரு மாதம் ஆகவில்லை. அதற்குள் 'டொக்கு டொக்கு' என்று பெயர் விழுந்துவிட்டது. வைத்தவர் கீழ்வீட்டு பஸ் டிரைவர். விடியுமுன் வண்டி எடுக்கப் போய், பகலில் வந்து தூங்குகிறவர். முதல் வாரமே படியேறி வந்துவிட்டார்.

“ஏம்மா, இது வீடா பட்டறையா?”

“ரெண்டும்தான் சார். நீங்க தூங்குற நேரத்தைச் சொல்லுங்க, அப்ப ஊசி வேலை பாத்துக்கிறேன். சுத்தியலையே விடச் சொன்னா மட்டும் விட மாட்டேன்.”

சண்டைக்கு வந்தவர் நேரத்தைச் சொல்லிவிட்டு இறங்கினார். ஜெயித்தோமா தோற்றோமா என்று அவருக்கே பிடிபடவில்லை.

அதற்கு முன் அவள் இருந்தது அண்ணன் வீட்டுப் பின்னறையில். கணவன் தவறிப்போனபின் அண்ணன்தான் கூட்டிவந்து வைத்துக்கொண்டான். அவனுக்கு சோபா ஷெட். அவளும் கணவனிடம் கற்ற வேலையை அங்கே செய்தாள். பட்டை இழுப்பது, ஸ்பிரிங் கட்டுவது, ஸ்பாஞ்சு வெட்டுவது, துணி போர்த்துவது எல்லாம் அவள்தான். சாப்பாட்டுக்கோ மரியாதைக்கோ குறை வைக்கவில்லை. ஆனால் வருகிறவர்களிடம் அவளைக் காட்டி, “நம்ம பாப்பா, கூடமாட ஒத்தாசை பண்ணுது” என்பான். அந்த 'ஒத்தாசை' அவள் தொண்டையில் முள்ளாக நின்றது. வருஷக்கணக்கில் விழுங்கிப் பார்த்தாள், இறங்கவில்லை. ஒருநாள் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

“போ, யாரு வேணாங்கறா? பின்னறையைப் பூட்டாம வெச்சிருக்கேன்” என்றான் அண்ணன். பூட்டாமல் வைத்தது பாசத்திலா, பந்தயத்திலா என்று அவனைத்தான் கேட்க வேண்டும்.

தனியாக வந்தபின் கிடைத்த முதல் வேலை இந்த சோபா. பல் டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் உட்கார்ந்து உட்கார்ந்து கிழித்தது. இது பிடித்திருந்தால் அங்கே இருக்கும் நாற்காலி அத்தனையும் அவளிடம் வரும். வந்தால் இந்த வீட்டில் கால் ஊன்றிக்கொள்ளலாம். வராவிட்டால் பூட்டாத பின்னறைதான்.

நூலை முடிந்து வெட்டியபோது கீழே வேன் வந்து நின்றது. வேன்காரர் அண்ணனின் வாடிக்கை ஆள். அதனால் அண்ணனும் தொற்றிக்கொண்டு வந்திருந்தான். உள்ளே வந்ததும் சோபாவைப் பார்க்கவில்லை. மூலையில் அடுக்கியிருந்த துணி மூட்டைகளைப் பார்த்தான்.

“கட்டுன கட்டு அப்படியே இருக்கு? திரும்பிப் போறவ மாதிரியே வெச்சிருக்கியே பாப்பா.”

“வேலை இருந்துச்சு. பேசாம ஒரு பக்கம் பிடி.”

அண்ணன் முன்னால், வேன்காரர் பின்னால், சோபா கதவைத் தாண்டியது. படி திரும்பும் இடத்தில் நின்றது. சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள், தலைகீழாகப் பிடித்தார்கள். ஒரு கைப்பிடி சுவரில் முட்டியது, மற்றது கம்பியில் முட்டியது. அசையவில்லை.

அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஏற்றும்போது இது வெறும் மரச்சட்டம். துணியும் ஸ்பாஞ்சும் ஆஸ்பத்திரியிலேயே உரித்துவிட்டு எலும்புக்கூட்டைத்தான் கொண்டுவந்தாள். இதே திருப்பத்தில் உரசிக்கொண்டு ஏறியது. 'ஏறினது இறங்கும்' என்று விட்டுவிட்டாள். போர்த்தப்போகும் சதையைக் கணக்கில் எடுக்கவே இல்லை. ஷெட்டில் லாரியே நுழையும் ஷட்டர். அங்கே எந்த சோபாவுக்கும் வாசலை அளந்ததில்லை.

அண்ணன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை, அதுதான் இன்னும் எரிந்தது.

“இதுக்குத்தான் ஷெட்டுன்னு ஒண்ணு இருக்கு. ஒரு கைப்பிடியைக் கழட்டித்தான் ஆகணும். கழட்டணும்னா துணியைப் பிரிக்கணும். பிரிச்சதைக் கீழ எங்க வெச்சுத் தைப்ப? ஷெட்டுல இறக்கிடு. முடிச்சு நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்.”

“நீ குடுத்தா அது உன் சோபா.”

“யாரு சோபாவா இருந்தா என்ன? உக்காரத்தானே போறாங்க.”

“தெருவுல தைப்பேன்.”

“என்னது?”

“காது கேக்கலையா? தெருவுல வெச்சுத் தைப்பேன்.”

சோபாவைப் பழையபடி உள்ளே இழுக்கச் சொன்னாள். கைப்பிடியின் தையலைத் தானே பிரித்தாள். சற்றுமுன் போட்ட தையல். நல்ல தையல் என்பதால் பிரிய மாட்டேன் என்றது. உள்ளே இருந்த போல்ட்டுகளைக் கழற்றிக் கைப்பிடியைத் தனியே எடுத்தாள். சுவரில் ரெக்சின் உரசாமல் சுற்றுவதற்குத் துணி வேண்டும். மூட்டைகளிடம் போனாள். ஒவ்வொரு கட்டாக அறுத்தாள். புடவைகளும் போர்வைகளும் தரையில் சரிந்தன, பாத்திரங்கள் உருண்டன. எல்லாவற்றையும் தாண்டி மிதித்து நடந்து, பழைய புடவைகளால் சோபாவைச் சுற்றினாள். இந்த முறை அது படி இறங்கியது.

தெருவில் வெயில். நடைபாதையில் போர்வையை விரித்து, அதன்மேல் சோபாவை வைத்து, கைப்பிடியைப் பூட்டினாள். பக்கத்துக் கடைக்காரர் வெளியே வந்து நின்றார். சைக்கிளில் போனவர் கால் ஊன்றி நின்றார்.

கீழ்வீட்டுக் கதவு திறந்தது. டிரைவர், கலைந்த தலையோடு.

“இன்னிக்குத் தூங்குன மாதிரிதான். ஏம்மா, இப்ப தெருவும் பட்டறையா?”

“இன்னிக்கு ஒருநாள் சார்.”

அவர் உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொள்வார் என்று நினைத்தாள். பெரிய குடையோடு திரும்பி வந்து அவள் தலைக்கு மேல் பிடித்தார்.

“எனக்கு வேணாம் சார். ரெக்சினுக்குப் பிடிங்க, சூடானா இளகிடும்.”

“பாத்தீங்களா,” என்றார் அவர் கடைக்காரரிடம், “நிழல் குடுத்தாலும் அதட்டல்தான்.”

பாதித் தையலில் டாக்டரம்மா வந்துவிட்டார். வேன் வரக்காணோம் என்று தேடி வந்தவர், நடைபாதையில் தன் சோபாவையும் அதைச் சுற்றி நின்ற கூட்டத்தையும் பார்த்துத் திகைத்தார்.

அண்ணன் முந்திக்கொண்டான். “மாடி வீட்டுல இட வசதி பத்தலைங்க டாக்டரம்மா. மிச்ச நாற்காலியை ஷெட்டுக்கு அனுப்பிடுங்க. எங்க பாப்பாதான், ஒத்தாசைக்கு...”

“அண்ணே.” அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஒத்தாசை நீ. இன்னிக்கு இறக்கிக் குடுத்தியே, அதுக்குப் பேரு ஒத்தாசை. வேலை என்னோடது.”

கடைக்காரர் இருமலால் சிரிப்பை மூடினார்.

“டாக்டரம்மா, தப்பு என்மேல. படியை அளக்காம விட்டுட்டேன். அடுத்ததை அளந்துட்டுத்தான் தொடுவேன். கொஞ்சம் நில்லுங்க, முடிஞ்சிரும்.”

டாக்டரம்மா குனிந்து தையலைப் பார்த்தார். கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். நோயாளியின் பல்லையும் அப்படித்தான் ஆட்டுவார் போல. பிறகு சுற்றியிருந்தவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் சோபாவின் மறுமுனையில் உட்கார்ந்தார். தையல் தீரும்வரை எழுந்திருக்கவில்லை.

“மிச்சத்தை எங்க அனுப்பணும்?”

“இதே வீடு. மாடி.”

கடைசி முடிச்சைப் போட்டு நூலை வெட்டினாள். எழுந்து புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

“அண்ணே, அந்தப் பக்கம் பிடி.”

அண்ணன் பிடித்தான். இந்தப் பக்கம் அவளே தூக்கினாள். வேனில் ஏற்றி, புடவைகளை உருவி எடுத்துக்கொண்டு, மிஞ்சிய ரெக்சின் துண்டைச் சுருட்டி டாக்டரம்மாவின் கையில் வைத்தாள்.

“கிழிஞ்சா ஒட்டுப் போட. கிழியாது. இருந்தாலும் வெச்சுக்குங்க.”