அவளுடைய இடப்பக்கம்

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணி. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, என் மனைவியிடம் நான் ஒரு பொய் சொன்னேன்.

"எனக்குச் சேராதாம் கோமு. பி குரூப்பாம்."

எனக்குச் சேரும். என் ரத்தம் ஓ வகை. மகனுக்கும் ஓ. அவளுக்கும் ஓ.

எங்கள் மகன் கதிரின் இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப் போயிருந்தன. பெற்றவர்களில் ஒருவர் கொடுத்தால் நல்லது, முதலில் இருவரும் ரத்த வகையைப் பார்த்து வாருங்கள் என்று மதுரை மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். பார்த்து வருகிறேன் என்றுதான் அன்று காலை கிளம்பினேன். பரிசோதனை நிலையத்துக்குள் நான் நுழையவே இல்லை. எதிரே இருந்த கடையில் ஒரு டீ குடித்தேன், திரும்பி வந்துவிட்டேன். என் ரத்த வகை எனக்கு இளமையிலிருந்தே தெரியும்!

ஏன் செய்தேன்? பெரிய காரணம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். கத்திக்குப் பயந்தேன்... அவ்வளவுதான். டீக்கடையில் நின்றபோது ஒரு நியாயமும் தயாரித்துக்கொண்டேன்: சம்பாதிக்கிறவன் படுத்துவிட்டால் வீடு என்ன ஆவது? எத்தனை மேன்மையான கவலை! தூ!

நான் உயிரியல் ஆசிரியன். ஆண்டுதோறும் கரும்பலகையில் அவரை விதை வடிவில் அந்த உறுப்பை வரைந்து, "ஒன்று இருந்தாலே மனுஷன் நன்றாக வாழலாம்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன். பிறர் உடம்பைப் பற்றி எவ்வளவு தெளிவாகப் பேசுகிறேன், பாருங்கள்!

என் பொய்யைக் கேட்டு அவள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "அதுக்கு ஏன் மூஞ்சிய இப்பிடி வச்சிருக்கீங்க? நான் இருக்கம்லா" என்றாள். பிறகு, "முதல்ல செருப்பக் கழத்துங்க" என்றாள்.

மதுரையில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கொடுக்க வருகிறவரைத்தானே சோதிப்பார்கள்! கணவன் சம்மதம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கவே இல்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

மகன் பிழைத்தான். முகத்தில் வீக்கம் வடிந்து, பழைய கதிராக மாடிப்படி ஏறினான். எல்லாம் நன்றாக முடிந்தது... அவளுடைய இடப்பக்கத்தைத் தவிர.

விலாவுக்குக் கீழே, முதுகிலிருந்து வயிற்றை நோக்கி வளைந்து இறங்கும் ஒரு தழும்பு. மேலே ஆறிவிட்டது. உள்ளே ஆறவில்லை. பாவாடை நாடா சரியாக அதன்மேல்தான் விழும். அதனால் புடவையை விட்டுவிட்டு நாளெல்லாம் நைட்டியிலேயே இருந்தாள். தும்மல் வந்தால் துண்டை மடித்து அங்கே அழுத்திக்கொள்வாள். வண்ணாரப்பேட்டைக்குப் போகும் டவுன் பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கினால் அவள் கை முன்சீட்டுக் கம்பியைவிட்டு இடுப்புக்குப் போகும். துணி பிழிய முடியாது. இடப்பக்கம் திரும்பிப் படுக்க முடியாது.

"உள்ள ஒரு நூலக் கட்டிச் சுண்டி இழுக்குத மாதிரி இருக்குங்க. தொட்டா மரத்துக் கெடக்கு, தொடாட்டா வலிக்கு. இது என்ன கூத்து?" என்று சிரிப்பாள்.

அறுபட்ட நரம்பு ஆற நாளாகும், சிலருக்கு நெடுநாள் இருக்கும், பையத்தான் குறையும் என்று மருத்துவர் சொன்னபோது அவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து நான் சொன்னது என்ன தெரியுமா?

"அதையே நெனச்சுக்கிட்டிருந்தா வலிக்கத்தான் செய்யும். ஒலகத்துல ஒனக்கு மட்டுமா ஆபரேசன்?"

ஒருமுறை அல்ல... அவள் "இங்கன இழுக்கு" என்று கையை வைக்கும்போதெல்லாம் எரிந்து விழுந்தேன். நடிக்கிறாய் என்றுகூட ஒருநாள் சொன்னேன். அந்த வலி என்னுடையது. என் விலாவில் இருக்க வேண்டியது. அதை அவள் வாயால் கேட்கும்போதெல்லாம், தெரிந்துகொண்டுதான் சொல்லிக்காட்டுகிறாளோ என்று நடுங்கினேன். நடுக்கத்தை மறைக்க எனக்குக் கிடைத்தது ஏளனம் ஒன்றுதான்.

இன்னும் இருக்கிறது. பார்க்க வந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஆபரேஷன் ஆனவர் வீட்டுக்கு எல்லாரும் வருவார்கள். பழமும் ஹார்லிக்ஸும் மேஜையில் வைத்துவிட்டு, முதலிலிருந்து கதையைக் கேட்பார்கள். பாதிக்கதை சொன்னால் விடமாட்டார்கள். என் அண்ணன் மனைவி, மதினி, என்னைக் கண்ணால் அளந்துகொண்டே கேட்டாள்: "ஏன் கோமு, கொழுந்தனாரு குண்டுக்கல்லு மாதிரித்தான இருக்காங்க? அவுங்க குடுத்தா ஆவாதாக்கும்?"

"அவுங்களுக்குச் சேரலக்கா! பி குரூப்பு. அன்னைக்கு வாசல்ல வந்து நின்னாங்க பாருங்க, செருப்பக் கழத்தக்கூட தெம்பில்லாம... எனக்கு மனசே ஆறல" என்றாள் கோமு.

ஒவ்வொரு வருகைக்கும் இதையே சொன்னாள். ஒவ்வொருவரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். நானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். அந்த இரக்கத்தை வாங்கித் தின்றேன்! இப்படிப்பட்ட ஒருவனை நீங்கள் தெருவில் பார்த்தால் ஒதுங்கிப் போவீர்கள். ஒதுங்குங்கள். நான்தான் என்னைவிட்டு ஒதுங்க முடியாது.

எல்லாரும் வந்து போய் ஓய்ந்த பிறகு, ஒரு நாள் சாயங்காலம், ஏரலிலிருந்து செய்யது பாய் வந்தார். ஜவுளிக்கடைக்காரர். கல்யாணத்துக்கு முன்னால் நான் ஸ்ரீவைகுண்டத்தில் வேலை பார்த்தபோது பழக்கம். கோமு அவரை அதற்குமுன் பார்த்ததில்லை. ஒரு சீப்பு பழத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"நேத்துதான் சாரு எனக்கு சங்கதி தெரியும். மனசு கேக்கல, பஸ் ஏறிட்டேன். எப்பிடிம்மா இருக்கிய?"

கோமு காப்பியைக் கொடுத்துவிட்டுக் கதையை ஆரம்பித்தாள். எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். அதற்குள் "அவுங்களுக்கு பி குரூப்பு, சேரல" என்ற இடம் வந்தது.

செய்யது பாய் டம்ளரைக் கீழே வைத்தார்.

"பி-யா? இல்லையேம்மா... எம் வீட்டுக்காரிக்கு மூத்தவன் பொறக்கையில ஓ குரூப்பு ரத்தம் கிடைக்காம நான் ஆசுபத்திரி வாசல்ல நின்னு அழுதேன். சாருதான் ஓடி வந்து படுத்து ரத்தம் குடுத்தாக. அல்லா மேல ஆணையா, இன்னைக்கும் அஞ்சு நேரத் தொழுகையிலயும் சாருக்குத் துஆ கேக்கேன். ஓ குரூப்புதான சாரு? சொல்லுங்க."

கோமு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் கை பைய இடுப்புக்குப் போயிற்று.

"அது வேற யாராவது சாரா இருக்கும் பாய்" என்றாள். "காப்பி ஆறுது. குடிங்க."

பாய் போன பிறகு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். அழுவாள், கத்துவாள், கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன்... அல்லது இன்னொரு பொய் சொல்லியிருப்பேன். யார் கண்டது!

அவள் குனிந்து வாளியைத் தூக்கினாள். தூக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

அன்றுதான் முதன்முறையாக நானாகக் கேட்டேன். "வலிக்கா கோமு?"

"இல்லைங்க" என்றாள். "நல்லா இருக்கு."

அதன் பிறகு இன்றுவரை அவள் என்னிடம் ஒருமுறைகூட வலிக்கிறது என்று சொன்னதில்லை.