கொல்லைக் குழாய்

போன ஞாயிற்றுக்கிழமை மாலை ஆக்லாந்து நகரமே ஒரே நேரத்தில் அலறியது. அவசர எச்சரிக்கை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, எல்லாருடைய கைபேசியையும் ஒன்றாகக் கத்த வைப்பார்கள். இன்ன நாள், இன்ன நேரம் என்று முன்பே சொல்லியும் விடுவார்கள். மகள் காலையிலேயே எனக்கு நினைவுபடுத்தியிருந்தாள். நான் லின்ஃபீல்ட் பகுதியில் உள்ள எங்கள் வீட்டு சோபாவில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினேன்.

முழுதாக விழித்தபோது சமையலறையில் நின்றிருந்தேன். சிங்க் குழாய் முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. குளியலறையிலும் தண்ணீர் விழும் சத்தம். இரண்டையும் திறந்த வீரன் யார் என்பதை என் நனைந்த சட்டை காட்டிக்கொடுத்தது.

"அப்பா, இட்ஸ் ஜஸ்ட் எ டெஸ்ட்" என்றாள் மகள், என்னைப் படம் பிடித்தபடியே.

மனைவி யாழ்ப்பாணத்துக்காரி. உண்மையான சைரன்களைக் கேட்டு வளர்ந்தவள், இதற்கெல்லாம் அசைய மாட்டாள். "என்னப்பா இது? சுனாமி வந்தா சிங்குக்குள்ளால அனுப்பிவிடுற பிளானோ?" என்றாள்.

"ஆமா. நீ வேணா சிரி."

"ஓம், சிரிக்கிறன். முதல்ல பைப்பைப் பூட்டுங்கோ."

ஆபத்து என்றால் மற்றவர்கள் மேசைக்கடியில் புகுவார்கள், மேட்டைப் பார்த்து ஓடுவார்கள். நான் குழாயைத் திறப்பேன். தலை நரைத்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. இதற்குக் காரணம் என் மாமாவும், ஒரு பூரியும்.

நான் பிறந்தது தமிழ்நாட்டில், பழுப்பு நிலக்கரி வெட்டும் ஓர் ஊரில். நிலக்கரி என்றதும் இருட்டுக் குகையும் நெற்றியில் விளக்கு கட்டிய மனிதர்களும் உங்களுக்கு நினைவு வரலாம். எங்கள் சுரங்கத்துக்குக் கூரை கிடையாது. பூமியை மேலிருந்தே வழித்து எடுத்த பெரும் பள்ளம் அது. விளிம்பில் நின்று பார்த்தால் அடியில் ஒரு ராட்சதச் சக்கரம், தூக்கத்தில் புரள்வதைப் போல, மெல்லச் சுற்றி மண்ணைக் கடித்துக்கொண்டிருக்கும். காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் கொடியில் காயும் வேட்டியெல்லாம் டீ நிறமாகிவிடும்.

அப்பாவின் சிறுவயதில் அந்த ஊரே இல்லை, வெறும் முந்திரிக்காடு. சுரங்கம் தோண்ட வந்தவர்களுக்காகக் கோடு போட்டு ஊரைக் கட்டினார்கள். தெருவுக்குப் பெயர் கிடையாது, எண்தான். எல்லா வீடும் ஒரே அச்சு. கவனம் தப்பினால் பக்கத்து வீட்டுக்குள் போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிடலாம், நான் உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் வயதானவர்களே கிடையாது. எல்லாரும் இளவயதில் எங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள். ஒரு வீட்டில் திருநெல்வேலிப் பேச்சு, அடுத்த வீட்டில் மலையாளம், எதிர்வீட்டில் தெலுங்கு. லின்ஃபீல்டுக்கு நான் புதிதாகப் பழக வேண்டியது எதுவும் இருக்கவில்லை, குளிரைத் தவிர.

எங்கள் ஊருக்கென்று ஒரு சத்தம் இருந்தது. யாரோ வெகு தூரத்தில் வாயை மூடிக்கொண்டு பாடுவது போல, ராப்பகலாக ஓயாத ஒரு ரீங்காரம். வெளியூரிலிருந்து வரும் விருந்தாளிகளுக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும். எங்களுக்கோ வெளியூர் போனால் அது இல்லாமல் தூக்கம் வராது. பாலோடு சேர்த்து அதையும் குடித்துத்தான் வளர்ந்தோம் என்று நினைக்கிறேன். கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதே தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சுரங்கத்தில் வேலை தேடி வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். வேலை கிடைக்கும்வரை அவர் பார்த்த வேலை, எனக்குப் பொய் சொல்வது. முந்திரிக்கொட்டை பழத்துக்கு வெளியே தொங்குவது கடவுள் அவசரத்தில் மாட்டியதால் என்பார். அப்பா கேண்டீனிலிருந்து கொண்டுவரும் பன், கரிக்குள்ளேயே விளைவது என்பார். எல்லாவற்றையும் நம்பினேன். நம்பிக்கை என்பது எனக்கு அப்போது பல் முளைப்பது போல இயல்பாக வந்தது.

ஒரு நாள் காலையில் பூரி தின்றுகொண்டிருக்கும்போது, அந்தச் சத்தம் என்ன என்று கேட்டேன்.

"அதுவா? உங்கப்பா கடலை எறைச்சிட்டு இருக்காரு" என்றார் மாமா.

அப்பாவுக்குச் சுரங்கத்துத் தண்ணீர் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அதுவரை எனக்குத் தெரியும். கடல் புதிது.

"கரிக்குக் கீழ ஒரு கடல் இருக்குடா மாப்ளே. மேல மண்ணு அழுத்திட்டு இருந்தவரைக்கும் சும்மா கெடந்துச்சு. மண்ண எடுத்துட்டமா, இப்ப மேல வரணும்னு முட்டுது. எறைச்சிட்டே இருந்தாத்தான் அடங்கும். பம்பு நின்னுச்சுன்னு வையி..." தட்டில் உப்பியிருந்த பூரியை விரலால் தட்டினார். "சுரங்கத்துத் தரை இப்பிடி உப்பி வரும்."

"அப்பா?"

மாமா பூரியைக் குத்தினார். புஸ்ஸென்று ஆவி வந்தது. "அப்பா கீழதான இருக்காரு" என்று பூரியை வாயில் போட்டுக்கொண்டார்.

"எறைச்ச தண்ணியெல்லாம் எங்க போவுது?"

"எங்க போவும்? நம்ம வீட்டுக் கொழாய்க்குத்தான். நீ பல்லு வெளக்குறியே, அது உங்கப்பா கால்கிட்டேர்ந்து எடுத்த தண்ணி."

அடுப்படியிலிருந்து அம்மா, "வெளங்காத பேச்சு! புள்ளகிட்ட பேசுற பேச்சா இது?" என்றாள். வழக்கமாக மாமாவின் கதைகளுக்குச் சிரிப்பவள், அன்றைக்குச் சிரிக்கவில்லை. மாமாவுக்கு அடுத்த பூரியும் போடவில்லை.

பல வருஷம் கழித்து இதைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்ட வேடிக்கை என்னவென்றால், மாமா சொன்னவற்றில் உண்மையானது இது ஒன்றுதான். கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டுதான் இருந்தது. பூரியும் கிட்டத்தட்டச் சரிதான்.

அன்றிலிருந்து பல் விளக்கும்போது குழாயை மூடுவதை நிறுத்தினேன். அப்பாவுக்கு என்னால் ஆன உதவி.

கோடை விடுமுறையில் ஒரு மதியம். அப்பாவுக்குக் காலை ஷிப்ட். அம்மா மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மாமா செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினார். அவர் மூச்சுக்கு அது ஏறி ஏறி இறங்கியது. வெளியே வெயில் திடீரென்று மஞ்சளாகி, பிறகு சாம்பலாகியது. வேப்பமரம் ஒரு முறை சிலிர்த்துப் பூவை உதிர்த்தது. எங்கோ மிக அருகில் ஓர் இடி.

மின்விசிறி நின்றது. பிறகு ஊர் நின்றது.

அப்படித்தான் எனக்குத் தோன்றியது. காதுக்குள் யாரோ பஞ்சை வைத்து அடைத்தது போல இருந்தது. ஓர் இலை தரையில் உரசிப் போகும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டில் ஒரு டம்ளரைக் கீழே வைப்பது கேட்டது. நான் பிறந்ததிலிருந்து பாடிக்கொண்டிருந்தவர் பாட்டை நிறுத்திவிட்டார்.

"மாமா! சத்தம் நின்னுபோச்சு!"

"நல்லதாப் போச்சு" என்று புரண்டு படுத்தார்.

"மாமா, கடலு!"

"கடலுக்கு நாளைக்குப் போலாம்டா மாப்ளே."

ஒரு பிள்ளை தன் அப்பாவைக் காப்பாற்றுவதற்கு உலகத்தில் என்னென்ன வழிகள் உண்டோ, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அப்பாவின் கால்களை நோக்கி ஏறும் தண்ணீரை எங்கள் வீட்டுக் குழாய் வழியாக வெளியே எடுத்துவிட வேண்டும். சமையலறைக் குழாயைத் திறந்தேன். குளியலறைக் குழாயைத் திறந்தேன். வாசல் தோட்டத்துக் குழாயைத் திறந்தேன். போதாது. கடல் என்றால் சும்மாவா?

தெருவில் எல்லா வீட்டுக்கும் வாசலில் ஒரு தோட்டக் குழாய் உண்டு. நழுவும் அரைக்கால் சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதபடி, ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே ஓடினேன். மலையாள வீடு. தெலுங்கு வீடு. நாய் இருக்கும் வீடு. நாய்கூட என் கோலத்தைப் பார்த்துக் குரைக்காமல் ஒதுங்கியது. ஓட ஓடப் பின்னால் தெரு ஓர் ஆறாக மாறிக்கொண்டிருந்தது. செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு, வேப்பம்பூக்களைச் சுமந்துகொண்டு, தண்ணீர் ஓசையில்லாமல் நகர்ந்தது. அதில் வானம் கிடந்தது. இவ்வளவு அழகாக ஓர் ஊர் மூழ்கி நான் கனவில்கூடக் கண்டதில்லை. அழுதுகொண்டே ரசித்தேன் என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ.

அப்போது சுரங்கத்துச் சைரன் ஊதியது. ஷிப்ட் மாறும் நேரம் அல்லாத நேரத்தில். வீடுகளின் கதவுகள் திறந்தன. பெண்கள் வெளியே வந்து நின்றார்கள். காலடியில் ஓடும் தண்ணீரை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் சுரங்கம் இருக்கும் திசையையே பார்த்தார்கள்.

எனக்கு ஒரு குழாய் பாக்கி இருந்தது. எங்கள் கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில். அது இறுகிக் கிடந்து வெகு நாளாயிற்று. அப்பாவாலேயே திறக்க முடியாமல் விட்டிருந்தார். ஒரு கையால் திருகினேன். இரு கையாலும் திருகினேன். சட்டையைக் கழற்றிச் சுற்றித் திருகினேன். கடைசியில் பல்லால் கடித்தும் பார்த்தேன். துரு உப்புக் கரித்தது. அசையவில்லை. இந்த ஒரு குழாயால்தான் அப்பா சாகப்போகிறார் என்று முடிவு செய்து, கல்லின் மேல் உட்கார்ந்து, மூக்கொழுக அழுதேன்.

அம்மா ஓடி வந்தாள். கையில் மண்ணெண்ணெய் டின். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர் நிற்பதைப் பார்த்துக்கொண்டே கொல்லைக்கு வந்து, "என்னடா இதெல்லாம்?" என்றாள். அடி விழப்போகிறது என்று தெரிந்தும் உண்மையைச் சொன்னேன்.

"அப்பாகிட்ட இருக்கற தண்ணிய எடுத்துவுட்டேம்மா. இது மட்டும் தொறக்க மாட்டேங்குது."

அம்மா என்னைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். அடி விழவில்லை.

"நீ உள்ள போ. தலையத் தொவட்டு" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

உள்ளே போய்த் துவட்டினேன். அம்மா கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் வெளியிலேயே இருந்தாள். திரும்பி வந்தபின் நான் திறந்த குழாய்களை மூடிவிடுவாளோ என்று பயந்தேன். மூடவில்லை. மறந்துவிட்டாள் போலிருந்தது. தண்ணீரில் கால் நனைய வாசற்படியில் நின்றாள். மாமா செய்தித்தாளைக் கையில் பிடித்தபடி எழுந்து வந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவள் பக்கத்தில் நின்றுகொண்டார்.

முதலில் அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் லேசாக நடுங்கின. பிறகு தரை. பிறகு அந்தப் பாட்டு, விட்ட இடத்திலிருந்து. தெருவில் யாரோ பெரிதாகச் சிரித்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

அப்பா ஷிப்ட் பஸ்ஸில் பொழுது சாயும் நேரத்தில் வந்தார். இடுப்புவரை பழுப்புச் சேறு. இடியில் மின்சாரம் போய்விட்டதாம். மாற்று என்ஜின்களை ஓட்டி, பம்புகளை ஒவ்வொன்றாகக் கிளப்பிவிட்டு வருகிறாராம். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. வாசலில் கால் வைத்ததுமே அம்மா சீறினாள்.

"அங்கயே நில்லுங்க! தொடச்ச தரையில சேத்தோட வர்றீங்களே!"

துடைத்த தரைமேல் தண்ணீர் இன்னும் கணுக்கால் அளவு நின்றது. அப்பா அதைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், அங்கேயே நின்றார்.

நான் ஓடிப்போய் நடந்ததை மூச்சு விடாமல் சொன்னேன். அப்பா முழுக்கக் கேட்டார். "அதான பார்த்தேன்! கரண்ட் வர்றதுக்கு முன்னாடியே தண்ணி எறங்குதே, எப்படின்னு!" என்றார். தன் கதைகளில் ஒன்று ஊரையே நனைத்துவிட்ட பெருமையை மறைக்க மாமா கூரையைப் பார்த்தார்.

தெருவுக்கான மேல்நிலைத் தொட்டியை நான் காலி செய்திருந்தேன். அன்று மாலையே காலிக் குடங்களுடன் ஒரு படை வாசலில் திரண்டது. "ஒங்க பையன் தெருவுக்கே தீர்த்தவாரி பண்ணிட்டானே!" என்றார் எதிர்வீட்டு அத்தை. அம்மா எல்லார் முன்னாலும் என் காதைத் திருகினாள். வலிக்கவே இல்லை. ஏனோ இடது கையால் திருகினாள்.

அப்பா குழாய்களை மூடிக்கொண்டே வந்து கொல்லையில் நின்றுவிட்டார். நான் எட்டிப் பார்த்தேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துக் குழாய் முழுதாகத் திறந்து, சொட்டிக்கொண்டிருந்தது. கையால் மூட முடியாமல் ஸ்பானர் கொண்டுவந்துதான் மூடினார்.

"இத யாரு தொறந்தது?" என்றார்.

"வேற யாரு? ஒங்க புள்ளதான்" என்றாள் அம்மா.

எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நான் திருகித் திருகி இளகிப்போன குழாய், பிறகு தானாகவே திறந்துகொண்டிருக்க வேண்டும். "ஆமாப்பா" என்றேன். மாமா என் புஜத்தை அமுக்கிப் பார்த்து, "அடேங்கப்பா!" என்றார்.

சாப்பிடும்போது அம்மாவின் வலது உள்ளங்கையில் பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது. சோற்றைக் கரண்டியால் பரிமாறக்கூடச் சிரமப்பட்டாள். என்ன ஆச்சு என்று அப்பா கேட்டார்.

"மண்ணெண்ணெய் டின்னு கம்பி அறுத்துருச்சு" என்றாள், அவரைப் பார்க்காமல்.

அப்பா வெகுநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இனிமேல் ரேஷன் கடையிலிருந்து டின்னை நானே தூக்கி வருகிறேன் என்றேன். கொல்லைக் குழாயையே திறந்தவனுக்கு அதெல்லாம் ஒரு பாரமா?