காவு

எனக்குப் பின்னால் ஒருவர்தான் வருவார். அவர் வருகிறாரா என்று நான் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. அவருடைய சைக்கிளில் ஒரு ஸ்டாண்ட் இருந்தது. பந்தயத்துக்கு வருகிற சைக்கிளில் யாரும் ஸ்டாண்ட் வைப்பதில்லை. சைக்கிள் கடையில் வேலை செய்பவன் நான். கழற்றித் தருகிறேன் என்று பலமுறை சொன்னேன். “அப்புறம் வண்டிய எதுலடா நிறுத்துறது?” என்பார். ஸ்பிரிங் தளர்ந்துபோன அந்த ஸ்டாண்ட் ஒவ்வொரு பள்ளத்திலும் சட்டத்தில் இடித்து டக், டக் என்னும். அந்தச் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்கும்வரை நான் கடைசி இல்லை.

எண்பதுகளின் நடுவில், சான் ஹோசேக்குக் கிழக்கே உள்ள மலைகளில் குளிர்காலத்தில் இந்தப் பந்தயங்கள் நடக்கும். சைக்ளோகிராஸ் என்று பெயர். மழை பெய்து ஊறிய புல்வெளியில் நாடா கட்டிச் சுற்றுப்பாதை போடுவார்கள். நடுவில் பலகைகளைக் குறுக்கே நிறுத்தியிருப்பார்கள். இறங்கி, சைக்கிளைத் தூக்கித் தாண்டி, மறுபடி ஏற வேண்டும். எங்காவது ஏற முடியாத சரிவு ஒன்று இருக்கும். அங்கே சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். அந்த மலை மண் களி. சக்கரத்தில் அப்பி, பிரேக்கில் இறுகி, சைக்கிளை இரண்டு மடங்கு கனமாக்கிவிடும். முன்னால் போகிறவர்கள் ஓடுவார்கள். நாங்கள் நடப்போம்.

பின்னால் ஓடுகிறவனுக்குப் பந்தயம் வேறு மாதிரி. முதல் திருப்பத்தோடு கூட்டம் காணாமல் போகும். பிறகு மூச்சும் சேறும்தான். கொஞ்ச நேரத்தில் முன்னால் போனவர்களே ஒரு சுற்று முடித்துப் பின்னாலிருந்து வந்து “லெஃப்ட், லெஃப்ட்” என்று கத்துவார்கள். நாங்கள் நாடாவோடு ஒதுங்கி நிற்போம். முதலில் வந்தவன் முடித்ததும் எல்லோருக்கும் முடிந்ததாகக் கணக்கு. நாங்கள் வந்து சேரும்போது சில சமயம் நாடாவைச் சுருட்டத் தொடங்கியிருப்பார்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். கப்பலில் ஏறினேன். நியூ ஜெர்சியில் ஒரு துறைமுகத்தில் இறங்கித் திரும்ப ஏறாமல் விட்டேன். டெக்சாஸில் கார் கழுவினேன். அங்கே வெயில் பிடிக்கவில்லை, கலிபோர்னியாவுக்கு வந்தேன். சைக்கிள் கடையின் பின்னறையில் சக்கரம் நெளிவெடுக்கிற வேலை கிடைத்தது. கடைக்காரர் குளிர்காலத்தில் இந்தப் பந்தயங்களுக்குப் போவார். யாரோ விட்டுப்போன சட்டமொன்றைத் தந்து என்னையும் இழுத்துப் போனார். காசு வராத வேலை என்றாலும், வாரத்தில் ஒருநாள் என்னை யாரும் எதுவும் கேட்காத இடம் அது.

பின்னால் வந்தவர் நான் குடியிருந்த வீட்டுக்காரர். சென்னைக்காரர், சிப் கம்பெனியில் இஞ்சினியர். கார் நிறுத்தும் அறையில் எனக்கு ஒரு கட்டில் போட்டுத் தந்திருந்தார். நான் அவரை அண்ணை என்பேன். அவருடைய மனைவி சேலம் பக்கம். அவரை அக்கா என்பேன். முதலில் அண்ணை என்னைக் காரில் கொண்டுபோய் விடத்தான் வந்தார். கம்பெனியில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த வருடம் அது. வீட்டிலிருந்தால் அதைப் பற்றியே யோசனை வருகிறது என்று சொல்லிக்கொண்டு, மூன்றாம் வாரம் ஒரு பழைய சைக்கிளோடு வந்து நின்றார். வயிறு முன்னால் தள்ளியிருந்தது. தலையில் குரங்குக் குல்லாய்.

“முன்னாடிலேர்ந்து எண்ணாத. பின்னாடிலேர்ந்து எண்ணு. நான் ஃபர்ஸ்ட், நீ செகண்ட்” என்றார், முதல் பந்தயம் முடிந்து சேற்றை வழித்துக்கொண்டிருந்தபோது.

அன்றைக்கே இன்னொன்றையும் பார்த்தேன். காரின் பின்பக்கம் சாய்ந்து நின்று உள்ளங்கையால் நெஞ்சை நீவிக்கொண்டிருந்தார். முகம் களிமண் நிறம். கார் டிக்கியில் ஜிஞ்சர் ஏல் என்கிற இஞ்சி சோடா ஒரு பெட்டி வைத்திருந்தார். ஒன்றை உடைத்து மடமடவென்று குடித்து, பெரிதாக ஏப்பம் விட்டார்.

“பாத்தியா? போச்சு. கேஸ்.”

“கையும் நோகுதோ அண்ணை?”

“சைக்கிளைத் தூக்குனா கை நோகாம என்ன செய்யும்? அதுவும் கேஸ்தான். அங்கங்க போய் அடைக்கும்.”

கப்பலில் எங்களுக்கு ஒரு சமையல்காரர் இருந்தார். அவருக்கும் கேஸ்தான். சோடா கேட்டுக் குடித்துக்கொண்டே இருந்தார். இஞ்சி தட்டிப் போட்டார். பிறகு ஒரு காலை, வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்தபடி இருந்தார், கூப்பிட்டதற்கு எழும்பவில்லை. அடுத்த துறைமுகம் வரும்வரை அவரை இறைச்சி வைக்கிற குளிர் அறையில் வைத்திருந்தோம். அந்த நாட்களில் இறைச்சி எடுக்கப் போகிறவன் கதவைத் தட்டிவிட்டுத்தான் போவான். இதை நான் அண்ணைக்குச் சொன்னேன். ஒன்றும் விடாமல் சொன்னேன்.

“உன் கப்பல்ல சமையல் அப்படி” என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல், “டாக்டர்கிட்ட போனா இன்சூரன்ஸ்ல ரெக்கார்ட் ஆயிடும். ஆள் குறைக்குற நேரத்துல இதப் பாத்தா என்னைத்தான் மொதல்ல தூக்குவான். க்ரீன் கார்டு வேற பாதில நிக்குது. வாய வெச்சிட்டு சும்மா இரு” என்றார்.

அடுத்த பந்தயத்தில் ஜிஞ்சர் ஏல் இரண்டு. அதற்கடுத்ததில், பந்தயம் தொடங்கும் முன்பே ஒன்று.

அவர் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் அக்காவிடம் சொன்னேன். அக்கா கவலைப்படவில்லை. “கேஸ்தான் தம்பி. கேன்டீன்ல கண்டதத் தின்னுறாரு. நான் மோர்ல பெருங்காயம் போட்டுத் தரேன்” என்றார். நான் விடவில்லை. கடைசிப் பந்தயம் நடக்கப்போகும் மலை மோசமானது, மற்ற இடம் மாதிரி இல்லை என்றேன்.

“அது சரியான ஏத்தம் அக்கா. உருட்ட ஏலாது. ஒவ்வொரு சுத்துக்கும் ஒருக்கா காவத்தான் வேணும்.”

வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவரின் கை நின்றது.

“என்ன வேணும்?”

“காவ வேணும்.”

“யாரை?”

எங்கள் ஊரில் காவுவது என்றால் சுமப்பது. தண்ணீர் காவுவோம், விறகு காவுவோம், பிள்ளையைக் காவுவோம். அக்காவின் ஊரில் காவு என்றால் பலி. ஒரு வளைவில் இரண்டு லாரி கவிழ்ந்தால், அந்த இடம் காவு கேட்கிறது என்று கிடா வெட்டுவார்கள். நான் விளக்கினேன். அக்கா தலையாட்டினார், ஆனால் என் விளக்கம் அவருக்குள் போகவில்லை. என் வாயால் அந்தச் சொல் வந்தது வந்ததுதான்.

அன்று சாப்பிடும்போது அண்ணையிடம் சொன்னார்: “இந்த வாரம் அங்க போக வேணாம். அந்த மலை காவு கேக்குது.”

அண்ணைக்குப் புரை ஏறியது. “யாழ்ப்பாணம் தமிழ் புரியாம பயந்துட்டியா? இதுக்காகவே போறேன் பாரு.”

நெஞ்சுவலிக்காக மறித்திருந்தால் ஒருவேளை நின்றிருப்பார். மூடநம்பிக்கைக்காக நிற்கிற ஆள் இல்லை அவர். நான் தோள் நோகிறது, நானும் போகவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். “நீ வரலைன்னா தனியாப் போறேன். அப்ப நெஜமாவே கடைசி” என்றார். அவரைத் தனியே விட முடியாது. சரி என்றேன்.

லிவர்மோர் கோயில் அந்த வழியில்தான். அக்காவும் காரில் ஏறிக்கொண்டார். கோயிலில் அர்ச்சனை செய்து எலுமிச்சம்பழங்கள் வாங்கி வந்தார். மலையடிவாரத்தில், மற்றவர்கள் காற்றடித்துக்கொண்டிருந்த இடத்தில், அண்ணையின் சைக்கிளுக்கு முன்னால் பழங்களை வைத்து ஏற்றச் சொன்னார். புதுக் காரென்றால் பழம் நசுங்கும். சைக்கிள் டயருக்கு அந்தக் கனம் இல்லை. பழம் வழுக்கிக்கொண்டு உருண்டு பக்கத்துக் காரின் அடியில் போய்விட்டது. இரண்டாவதும் அப்படியே. பக்கத்திலிருந்த வெள்ளைக்காரர் குனிந்து எடுத்துத் துடைத்து, அக்காவின் கையில் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அக்கா அதை வாங்கவே பயந்தார்.

மூடுபனி மலையின் பாதிவரை இறங்கியிருந்தது. மேலே ஓக் மரங்களின் நிழல் மட்டும் தெரிந்தது. வேலிக் கம்பங்களில் மொட்டைச் சிவப்புத் தலைக் கழுகுகள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அவை அங்கே எப்போதும் இருப்பவைதான்.

நான் ஒன்று தீர்மானித்திருந்தேன். இன்றைக்கு நான்தான் கடைசியாக ஓடப்போகிறேன். அவர் முன்னால் இருந்தால் கண்ணில் தெரிவார். முதல் திருப்பத்தில் கூட்டம் போனதும் நான் மெதுவாக்கினேன். அவர் என்னைத் தாண்டிப் போனார். சற்றுத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தார். பிரேக் பிடித்து நின்றுவிட்டார்.

“என்னடா, செயின் கழண்டுச்சா?”

“இல்லை. நீங்கள் போங்கோ அண்ணை.”

“ஓசில செகண்ட் குடுக்குறியா? முன்னாடி போ.”

“நான் பின்னால வாறன்.”

“என் எடத்தப் புடிக்கப் பாக்குற.”

அங்கே இரண்டு பேரும் ஒரு காலை ஊன்றி நின்றோம். நாடாவுக்கு வெளியே நின்ற சிலர், கடைசி இடத்துக்கு இப்படிச் சண்டை போடுகிறவர்களைக் கண்டதில்லை போலும், மாட்டுமணியை ஆட்டிச் சிரித்தார்கள். முன்னால் போனவர்கள் சுற்றி வந்து “லெஃப்ட்” என்று எங்களைக் கடந்தார்கள். அவருக்குக் கோபம் வரத் தொடங்கியது. கோபப்பட வைப்பதும் நல்லதல்ல என்று நினைத்தேன். முன்னால் போனேன். பின்னால் டக், டக் என்று கேட்டது.

முதல் தடவை அந்தச் சரிவில் இருவரும் ஏறினோம். மேலே அவர் வெகு நேரம் குனிந்து நின்றார். “வாங்கோ அண்ணை, போதும், இறங்குவம்” என்றேன். கையை மட்டும் ஆட்டினார். பேசாமலிருந்தவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

இரண்டாம் தடவை, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பனிக்குள் ஏறினேன். கால் வைத்த இடமெல்லாம் வழுக்கியது. பின்னால் ஸ்டாண்ட் சத்தம் வந்தது. பிறகு ஒருமுறை வந்தது. பிறகு வரவில்லை.

சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுச் சரிவில் இறங்கினேன். எதிரே ஏறி வந்தவன் வழி தவறி வருகிறேன் என்று திட்டினான். அண்ணை பாதிச் சரிவில், பாதைக்கு ஓரமாக, ஓக் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். சைக்கிளைப் பக்கத்தில் ஸ்டாண்ட் போட்டு நேராக நிறுத்தியிருந்தார். குல்லாயைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். நெற்றியிலிருந்து வியர்வை ஒழுகியது, அந்தக் குளிரில்.

“கேஸ்” என்றார்.

“ஓம் அண்ணை. கதைக்காதேங்கோ.”

திட்டிய ஆளைக் கூப்பிட்டு, ஆம்புலன்ஸ் வேண்டும் என்று கத்தினேன். அவன் சைக்கிளை எறிந்துவிட்டுக் கீழே ஓடினான். வாகனம் அடிவாரம் வரைக்கும்தான் வரும். கப்பலில் அரிசி மூட்டை தூக்கிய உடம்பு எனக்கு. அவரை முதுகில் போட்டுக்கொண்டேன். இருந்து இருந்து, குதிகாலைக் குத்திக் குத்தி இறங்கினேன். என் காதுக்குப் பக்கத்தில் அவருடைய மூச்சு வந்தது. அது நின்று நின்று வந்தது. ஒருமுறை, “எறக்கி விடு, நடக்குறேன்” என்றார். பிறகு அதுவும் இல்லை. எதிரே ஏறி வருகிறவர்கள் எங்களைக் கண்டு “லெஃப்ட்” என்று தொடங்கி, பாதியில் வாயை மூடிக்கொண்டார்கள்.

பனி முடிகிற இடத்தில் அக்கா நின்றிருந்தார். கையில் அந்த எலுமிச்சம்பழம் இருந்தது. என் முதுகில் தொங்கிய தலையைப் பார்த்தார். அழவில்லை. மிக மெதுவாகக் கேட்டார்.

“காவு வாங்கிடுச்சா தம்பி?”

“இல்லை அக்கா” என்றேன். “காவிக்கொண்டு வாறன்.”

அவர் அந்தச் சொல்லை எப்படிக் கேட்டாரோ தெரியாது. பழத்தைப் போட்டுவிட்டு அண்ணையின் காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். புல்வெளிக்கு மேலே ஆம்புலன்ஸ் ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது.

அண்ணை பிழைத்தார். நெஞ்சைப் பிளந்து வைத்தியம் பார்த்தார்கள். அவர் பயந்தபடியே எல்லாம் ரெக்கார்டில் ஏறியது, பயந்தபடியே வேலையும் போனது. பிறகு டெக்சாஸ் பக்கம் வேறு வேலை கிடைத்துப் போனார்கள். ஆனால் மறுநாள் காலை இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு வெளியே அக்கா உட்கார்ந்திருந்தார். உள்ளே அவர் கண் திறக்கவில்லை. செய்வதற்கு ஒன்றுமில்லாததால், சைக்கிள்களை எடுத்து வருகிறேன் என்று கிளம்பினேன். கடைக்காரர் வேனில் கொண்டுபோய் விட்டார்.

நாடாக்களைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் போயிருந்தார்கள். பனி இன்னும் அப்படியே. என் சைக்கிள் நான் போட்ட இடத்தில் சேற்றில் கிடந்தது. அவருடையது மரத்தடியில் ஸ்டாண்டின் மேல் நேராக நின்றது. நனைந்திருந்தது. யாரோ இப்போதுதான் நிறுத்திவிட்டுப் போனதுபோல இருந்தது. பக்கத்தில் போகுமுன் நான் ஒருமுறை கூப்பிட்டேன், அந்தக் குளிர் அறைக் கதவைத் தட்டுவதுபோல.

இரண்டையும் இரண்டு தோளில் காவிக்கொண்டு இறங்கினேன். ஒவ்வொரு அடிக்கும் ஸ்டாண்ட் என் முதுகுக்குப் பின்னால் டக், டக் என்று இடித்துக்கொண்டே வந்தது. வேன்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.