ஷிப்ட் மேல் உட்கார்ந்த பிள்ளையார்

சம்பவம் ஏழு. இதில் தப்பு என்னுடையது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட். சூளையின் சூட்டை ஒரு பழைய கம்ப்யூட்டர் மென்பொருள்தான் நடத்தும். எத்தனை மணிக்கு எத்தனை டிகிரி என்று நாற்பது பெட்டிகளில் கையால் தட்ட வேண்டும். வேறு வழியில் எண்களை உள்ளே அனுப்ப முடியாது. அதனால் விரல் தட்டுவதுபோல் தானே கீபோர்டு விசைகளைத் தட்டும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். நன்றாகவே எழுதினேன். இருபது வருடமாக இதுதான் என் தொழில்.

ஒரு நாள் ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு ரைஸ் மில்லில் வேலையாக இருந்தேன். சூளை ஆபரேட்டர் செல்வி போன் செய்தாள்.

"சார், சூடு வெரசா ஏறுதுங்க. உள்ள இருக்கிறது கரண்டு கம்பத்துக்குப் போற தடி இன்சுலேட்டருங்க."

"ஸ்கிரிப்டு முடிஞ்சுதுன்னு காட்டுச்சா?"

"காட்டுச்சுங்க."

"அப்ப சரியாத்தாம்மா இருக்கும்."

தடித்த சரக்கில் ஈரம் மிச்சம் இருக்கும். வேகமாகச் சூடேறினால் மொத்த லோடும் வெடித்துவிடும். செல்வி என் பேச்சைக் கேட்கவில்லை. பர்னரை அணைத்துவிட்டாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது முதலாளி கத்திக்கொண்டிருந்தார். "எந்த பட்டனத் தட்டித் தொலைச்சுதோ! நாளையிலேருந்து இது கிளேஸிங்ல பூச்சு முக்கப் போவட்டும்."

"நான் எந்த பட்டனையும் தட்டலீங்க," என்றாள் செல்வி. சூளை ஆபரேட்டர் இடத்துக்கு வர அவளுக்கு ஆறு வருடம் ஆகியிருந்தது.

திரையில் இருந்தவை முந்தின நாள் ஓட்டிய மெல்லிய பியூஸ் கேரியர் சரக்கின் எண்கள். நோட்பேடைத் திறந்து ஸ்கிரிப்டை அதில் ஓடவிட்டேன். 60 விழ வேண்டிய இடத்தில் ^) விழுந்தது. கீபோர்டைப் பார்த்தேன்.

அந்த யூனிட்டில் சூளை மூட்டும் முன் சரக்கு மண்ணிலேயே ஒரு பிள்ளையார் பிடித்து வைப்பார்கள். வழக்கமாக கண்ட்ரோல் பேனல் மேல் இருப்பார். அன்று அங்கே புது ஃபேன் வைத்திருந்தார்கள். அதனால் செல்வி அவரைக் கீபோர்டின் இடது ஓரத்தில் வைத்திருந்தாள். நல்ல கனமான பிள்ளையார். ஷிப்ட் விசை மேல் அமர்ந்திருந்தார். ஸ்கிரிப்ட் தட்டிய எண்ணெல்லாம் குறிகளாக மாறின. பெட்டிகள் குறிகளை வாங்கவில்லை, பழைய எண்களே நின்றுவிட்டன.

"பாத்தீங்களா, இதோட வேலதான்!" என்றார் முதலாளி.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பெயர் கெடாமல் தப்பித்திருக்கும். ஒரு நிமிடம் அந்த ஆசை வந்தது, மறைப்பானேன்.

"இல்லீங்க. தட்டினது பதிஞ்சுதான்னு பாக்காமலே முடிஞ்சுதுன்னு சொன்னது என் ஸ்கிரிப்டு. போன்ல சரின்னு சொன்னதும் நான்தான். இந்தப் பொண்ணு அணைக்கலேன்னா உங்க லோடு போயிருக்கும்."

முதலாளி செல்வி பக்கம் கையைக் காட்டினார். "அப்ப சூளைய அதுவே பாக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றே ஸ்கிரிப்டை மாற்றினேன். இப்போது ஒவ்வொரு எண்ணையும் தட்டியபின் திரும்பப் படிக்கும்; ஒன்று பொருந்தாவிட்டாலும் சூளையைத் தொடாது. பிள்ளையாருக்கு சிபியு மேல் இடம் கொடுத்தோம்.

கீபோர்டு ஸ்கிரிப்ட் எழுத வரும் தம்பி தங்கைகளே, விசையைத் தட்டுவது பாதி வேலை. பதிந்ததா என்று பார்ப்பது மீதிப் பாதி. அன்று அந்த மீதிப் பாதியைச் செய்தது செல்வி. முழு வேலைக்கும் பில் போட்டிருந்தது நான்.