ஆடி மாதத்துத் தரகன்

வீட்டுத் தரகுத் தொழிலை நான் ஆடி மாதத்தில் தொடங்கினேன். இதை மதுரையில் யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பு வரும், பிறகுதான் கேள்வி வரும். ஆடியில் இங்கே யாரும் வீடு மாற மாட்டார்கள். அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள், பால் காய்ச்ச மாட்டார்கள், பரண் மேல் கிடக்கும் அண்டாவை இறக்கக்கூட யோசிப்பார்கள். ஊரே அசையாமல் இருக்கும் மாதத்தில் ஊரை அசைக்கிற தொழில். எனக்குப் பொறுக்கவில்லை, இறங்கிவிட்டேன். பொறுக்காமல்தான் ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறேன். இதற்கு முன் செல்போன் ரீசார்ஜ், தண்ணீர் கேன், வாடகை வேன், அச்சகத்துக்கு ஆர்டர் பிடிப்பது. எல்லாம் கொஞ்ச காலம், எல்லாம் நடந்துகொண்டே.

மொட்டை மாடியில் மனைவி துணி எடுத்துக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னேன். ஆடிக் காற்று கொடியில் கிடந்த சேலையைத் தூக்கிவந்து என் வாயை மூடியது.

"ஆடியில எந்தக் கிறுக்காச்சும் கடை தெறப்பானா?" என்றாள்.

"கடையே கெடையாது. நடந்து திரியிற வேலைதான்."

"அது தெரியும். கடைன்னா ஒக்காரணுமே." கிளிப்புகளை மடியில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இங்க பாருங்க. ஆவணி மொத முகூர்த்தத்துல, நீங்க புடிச்சுக் குடுத்த ஒரு வீட்டுல பால் பொங்கணும். நானே வந்து கண்ணால பாப்பேன். பொங்கலைன்னா பேசாம எங்கண்ணன் கடைக்குப் போயிரணும். கல்லாவுல ஒக்கார ஆள் தேடிக்கிட்டு இருக்காரு."

அவள் அண்ணனுக்கு அலங்காநல்லூரில் மாட்டுத் தீவனக் கடை. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு என்று மூட்டை மூட்டையாய் மணக்கும் நல்ல கடை. மச்சானும் நல்ல மனிதர். ஆனால் காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை உட்கார வேண்டும். ஒரு மதியம் அவருக்குப் பதிலாக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். என் கால் தானாக ஆடியது, கால் ஆட மேசை ஆடியது, மேசை ஆட எடைக்கல் ஆடியது. பருத்திக்கொட்டை வாங்க வந்தவர் நிலநடுக்கம் என்று நினைத்து வெளியே போய் நின்றார்.

ஆகவே எனக்கு ஒரு வீடு வேண்டும். ஒரே ஒரு வீடு. ஆவணிக்குள்.

காளவாசலுக்குப் பின்னால் இருக்கும் தெருக்களைத் தேர்ந்துகொண்டேன். முன்னால் சிக்னலும் ஹாரனும் ஜவுளிக்கடை வெளிச்சமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்க, அதற்குப் பின்னால் சட்டென்று தணிந்து, கிளை பிரிந்து, திரும்பும் இடமெல்லாம் வேறு வேறு குழம்பு மணக்கும் தெருக்கள். நடந்தேன். கேட் கேட்டாக நோட்டீஸ் செருகினேன். மறுநாள் அந்த நோட்டீஸ்கள் தெரு முக்கு டீக்கடையில் வடை மடிக்கப் பயன்பட்டதைப் பார்த்தேன். அந்தப் பகுதி வாட்ஸ்அப் குழுவில் எப்படியோ சேர்ந்து, ரோஜாப்பூ வைத்துக் காலை வணக்கம் சொல்லி, அதன் கீழ் நான்கு மனைகளின் படத்தைப் போட்டேன். டீ ஆறுவதற்குள் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

"மாப்ள, முகம் தெரியணும்டா," என்றான் டீக்கடைக்காரன். என்னோடு பள்ளியில் படித்தவன். "வெள்ளிக்கெழம அம்மன் கோயில்ல கூழு ஊத்துறாக. ஒரு அண்டா ஒன் பேர்ல ஊத்து. பின்னாடி ஒரு பிளக்ஸ கட்டு. தெருவே பாக்கும்."

பிளக்ஸ் அடிப்பவர் என்னை வெள்ளைச் சட்டை போட்டு வரச் சொன்னார். "அண்ணே, கை கூப்புங்க. பல்லு தெரியாம சிரிங்க. ஆங், அம்புட்டுத்தான்." வாசகத்தையும் அவரே வைத்திருந்தார். 'உங்கள் பகுதிக்காக என்றும்' என்று பெரிதாக. அதற்குக் கீழே என் பெயர். அதற்கும் கீழே, வீடு மனை வாங்க, விற்க, வாடகைக்கு அணுகவும் என்று தொழிலும் போன் நம்பரும்.

வெள்ளிக்கிழமை கேப்பைக் கூழ் ஊற்றினேன். சின்ன வெங்காயமும் மோர் வத்தலும் தொட்டுக்கொள்ள. மைக் செட் அலற, வரிசை நீள, நான் வியர்த்து வழிந்து அகப்பையோடு ஆடினேன். அப்படி ஒரு சந்தோஷம். ஊரின் பசிக்கு நேர் எதிரே நிற்கிற சந்தோஷம். அகப்பை ஏறி இறங்க, தூக்குவாளிகள் வந்து போக, யார் வீட்டுப் பிள்ளை யார் வீட்டு மருமகள் என்று எதுவும் தெரியாமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்தேன். வரிசையில் வந்த ஒரு பெரியவர் கூழை வாங்கிக்கொண்டு பிளக்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி எந்தக் கட்சி?"

"கட்சியெல்லாம் இல்லண்ணே."

"சரி, சுயேச்சை," என்று பின்னால் நின்றவரிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாலையில் அண்டாவை நகர்த்தும்போதுதான் புரிந்தது. பிளக்ஸின் கீழ்ப்பாதியை அண்டாவும் மேசையும் நாள் முழுக்க மறைத்திருந்தன. தெருவுக்குத் தெரிந்ததெல்லாம் கூப்பிய கையும் சிரிப்பும் 'உங்கள் பகுதிக்காக என்றும்' மட்டும்தான். உள்ளாட்சித் தேர்தல் வரும் வரும் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் வேறு.

மறுநாள் தெருவுக்குள் நுழைந்தேன். வடை மடித்த அதே தெரு இப்போது வாசலில் நின்று கூப்பிட்டது.

"அண்ணே, சாக்கடையப் பாருங்கண்ணே. கொசு தூக்கிட்டுப் போகுது."

"நான் எலெக்ஷன்ல நிக்கலைங்க. வீட்டுத் தரகு பாக்குறேன்."

"நிக்கிறவுக எல்லாம் மொதல்ல இப்படித்தான் சொல்லுவாக. வாங்க, வந்து எட்டிப் பாருங்க."

எட்டிப் பார்த்தேன். பார்க்காமல் என்ன செய்வது? ஆடி மாதம், எனக்கும் வேறு வேலை இல்லை. சாக்கடையைப் பார்க்கப் போனவன் அந்த வீட்டுக் கிணற்றையும் பார்த்தேன். எந்தத் தெருவில் போர் தண்ணீர் கரிக்கிறது, எந்த வீட்டு மாடியில் மேற்கு வெயில் சுவரைச் சுடுகிறது, எங்கே மழை பெய்தால் முழங்கால் நனையும், எங்கே வேப்பமரக் காற்று சும்மா வந்து விசிறும் என்று கால் வழியாகவே அந்தப் பகுதி எனக்குள் ஏறிக்கொண்டிருந்தது. கால்கள் இப்படிச் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது தெரு முக்கில் ஒரு அக்கா இட்லி மாவுக்கடை வைத்திருக்கிறார். கீழே கடையும் அவர் குடியிருப்பும், மேலே ஒரு மாடி வீடு. அவர் என்னைப் பார்த்ததும் கரண்டியை நீட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, ஓட்டுக் கேட்டு வாரியா? இந்தத் தெரு லைட்ட எரிய வச்சுட்டுக் கேளு. இருட்டுல மாவு வாங்க வர்ற பொம்பளையாளுக கல்லுல தட்டி விழுகுறாக."

"நான் எலெக்ஷன்ல நிக்கலக்கா."

"அட, லைட்டு எரியுமா எரியாதா?"

வார்டு அலுவலகத்தில் மனு கொடுத்தேன். பிறகு தெருவிளக்குப் பார்க்கிற ஆளைப் பிடித்து, அவர் போகும் தெருவெல்லாம் கூடவே போனேன். ஏணியைக்கூட ஒரு பக்கம் பிடித்தேன். அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணே, நீங்க கவுன்சிலரா?"

"இல்ல."

"நிக்கப் போறீகளா?"

"இல்ல."

"பெறகு எதுக்குண்ணே இந்த அலைச்சல்?"

"ஆடி மாசம்ணே. சும்மா இருக்க முடியல."

அவர் சிரித்துவிட்டார். அன்று பொழுது சாயும் நேரத்தில் மாவுக்கடைக் கம்பத்தில் ஏறினார். விளக்கு ஒருமுறை சிமிட்டி, நன்றாக எரிந்தது. வரிசையில் நின்ற பெண்கள் ஓவென்று கத்தினார்கள். தெருவே பால் ஊற்றியதுபோல் வெளுத்தது. மாவுக்கடை அக்கா கரண்டியால் அண்டாவைத் தட்டினார்.

"என் ஓட்டு ஒனக்குத்தான் தம்பி!"

அந்த வெளிச்சத்தில்தான் அவர் கேட்டில் தொங்கிய அட்டையைப் படித்தேன். 'மாடி வாடகைக்கு. புரோக்கர்கள் வர வேண்டாம்.'

ஒரு காலி வீடு. ஆடி பாதிக்கு மேல் ஓடிவிட்டது. கையில் வேறு வீடு எதுவும் இல்லை. அலங்காநல்லூர்க் கல்லாப் பெட்டி கண் முன்னால் வந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஓட்டு என்று அவர் சொன்னபோது அந்த முகம் அப்படி மலர்ந்திருந்தது, ஏமாற்ற மனம் வரவில்லை.

"அக்கா, நெசமாவே நான் நிக்கல. நான் புரோக்கர்."

கரண்டி நின்றது. வரிசையும் நின்றது.

"புரோக்கரா?"

"ஆமாக்கா."

"இம்புட்டு நாளா சொல்லவே இல்ல?"

"சொல்லிக்கிட்டேதானக்கா இருக்கேன். யாரு நம்புனா?"

வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. "புரோக்கர்னா வாயத் தெறந்தா பொய்தான். ஆள் மாத்தி ஆள் கூட்டிட்டு வந்தாங்ய. பாத்தவுக எல்லாம் நல்ல வீடு, யோசிச்சுச் சொல்றோம்னாக. ஒருத்தியும் திரும்பல. எங்கே, நீ சொல்லு பாப்போம். என் வீடு ஏன் இன்னும் காலியாக் கெடக்கு?"

கீழே நின்ற மூன்று கிரைண்டர்களையும் பார்த்தேன். கால் தவிர வேறெதுவும் ஆடாமல் நின்று சொன்னேன்.

"கிரைண்டர்தான் காரணம்க்கா. விடியக்காலம் நீங்க மாவாட்ட ஆரம்பிச்சா மாடியில கட்டிலே நடுங்கும். யாரு தூங்குவா? ஒங்ககிட்ட சொல்லப் பயந்துக்கிட்டு யோசிச்சுச் சொல்றோம்னு போயிருப்பாக."

அக்கா கரண்டியை அண்டாவில் போட்டார். பிறகு உள்ளே போனார். அவ்வளவுதான், கதவைச் சாத்தப்போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது அவர் கையில் மாவு ஒட்டிய சாவி இருந்தது.

"கிரைண்டர நிறுத்த முடியாது. அது எனக்குச் சோறு. கிரைண்டரு இருக்குன்னு மொதல்லயே சொல்லி ஒரு ஆளக் கூட்டிட்டு வா, பாப்போம். சும்மா ஆள ஏமாத்திக் கூட்டியாந்த, அகப்பைக் காம்பாலயே அடிப்பேன்."

சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன், நடந்தேன், அப்படி நடந்தேன். கிரைண்டர் சத்தத்துக்கு மேல் யார் குடியிருப்பார்கள்? காது கேளாதவர்கள், கல்நெஞ்சக்காரர்கள், அல்லது அந்த நேரத்தில் தூங்கவே தூங்காதவர்கள். மூன்றாவது நினைப்பு வந்ததும் தூக்கம் போய்விட்டது. இருள் பிரியுமுன் டீக்கடையில் போய் நின்றேன். விடியக்காலத்தில் விழித்திருக்கும் மதுரை அங்கேதான் வந்து டீ குடிக்கும். பூக்காரர்கள், பால்காரர்கள், காய்கறி லோடு இறக்குகிறவர்கள். ஒவ்வொருவரிடமும் விசாரித்தேன். எல்லோருக்கும் வீடு இருந்தது. ஆடி தேய்ந்துகொண்டே வந்தது. மனைவி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அண்ணனிடம் போனில் பேசும்போது மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

ஆடி முடியப்போகும் ஒரு விடியலில், காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் ஓட்டமும் நடையுமாக வந்து டீயை வாயில் ஊற்றினார். பஸ் கண்டக்டர். திருவாதவூரிலிருந்து தினமும் இருட்டில் பைக் ஓட்டி வருகிறவர்.

"இன்னைக்கும் லேட்டுண்ணே. மூணு அலாரம் வச்சும் எந்திரிக்க முடியல. டிரைவர் கெட்ட வார்த்தையில திட்டுவான்," என்றார் டீக்கடைக்காரனிடம்.

என் காதில் தேன் பாய்ந்தது. "அண்ணே, இங்கிட்டே ஒரு வீடு எடுத்தா என்ன?" என்றேன்.

"எடுக்கலாம்தான். எந்திரிக்கணுமே?"

"எந்திரிக்கலாம். அதுக்கு நான் பொறுப்பு."

மற்ற தரகர்கள் அந்த வீட்டை மதியம் காட்டியிருப்பார்கள். நான் விடிகாலையில் காட்டினேன், கிரைண்டர் மூன்றும் ஓடும்போதே. கண்டக்டர் மனைவியோடு வந்திருந்தார். படியேறும்போதே கைப்பிடி அதிர்ந்தது. அறைக்குள் ஜன்னல் கம்பிகள் முணுமுணுத்தன. அந்தப் பெண் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தாள்.

"இதுதாங்க குறை," என்று சத்தத்துக்கு மேல் கத்தினேன். "தண்ணி நல்லா வரும். காத்து வரும். இந்தச் சத்தமும் தெனம் வரும்!"

"எங்க மாமியா கொறட்டைக்கு இது தேவலண்ணே!" என்று அவளும் கத்தினாள்.

கண்டக்டர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, அதிர்வை அனுபவித்தார். "இதுல எவன்டா தூங்குவான்?" என்றார் பேரானந்தத்தோடு. "மொத பஸ்ஸுக்கு இனி நான்தான் டிரைவர எழுப்புவேன்!"

கீழிருந்து அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்தார். மூவரும் சிரிப்பதைப் பார்த்ததும், என்ன ஏதென்று தெரியாமலே அவரும் சிரித்தார்.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு என் மனைவி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு அந்த மாடி வீட்டுக்கு வந்தாள். ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி அடுப்பின் எதிரே நின்றாள். புதுப் பாத்திரம், மஞ்சள், குங்குமம். பால் சும்மா கிடந்தது. நான் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தேன். "நில்லுங்களேன்," என்றாள், பாலிலிருந்து கண்ணை எடுக்காமல். ஓரத்தில் ஒரு நுரை. இன்னொன்று. பிறகு மொத்தமாக எழும்பி, தயங்கி, வெள்ளை வெளேரென்று நாலு பக்கமும் வழிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். பழக்க தோஷத்தில் கண்டக்டர் சட்டைப்பை விசிலை எடுத்து இரண்டு ஊதினார். போலாம் ரைட்!

மனைவி கூட்டத்திலிருந்து விலகி, படிக்கட்டில் நின்று போனை எடுத்தாள்.

"அண்ணே, அவரு வரமாட்டாரு. கல்லாவுக்கு வேற ஆள் பாத்துக்க." அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். கேட்டுவிட்டு வைத்தாள்.

"என்ன சொன்னாரு மச்சான்?" என்றேன்.

"'அப்பாடா'ன்னாரு," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது.