செவலைக் கன்றின் நெற்றி

விளக்கெண்ணெய் தடவிய மயிரின்மேல் காலை வெயில் சாய்வாக விழும்போது ஒரு மினுமினுப்பு வரும். வெள்ளை என்றும் சொல்ல முடியாது, மஞ்சள் என்றும் சொல்ல முடியாது. கண்ணை அசைத்தால் அதுவும் அசையும். எண்ணெய் வர்ணத்தில் நான் எழுதிய முதல் படத்தில் அந்த மினுமினுப்பை வைத்தேன். அது இருந்த இடம் எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டியின் நெற்றி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது இது. பெரியநாயக்கன்பாளையத்துக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். நான் கோயமுத்தூரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தேன். அங்கே சித்திரம் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்கார அம்மாள் தன் நாட்டுக்கே திரும்பிப் போனபோது, மூட்டை கட்டச் சோம்பல்பட்டோ என்னவோ, ஒரு மரப்பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளே நசுங்கிய வர்ணக் குழாய்கள் பத்துப் பன்னிரண்டும், இரண்டு தூரிகைகளும், அரைப் புட்டி ஆளிவிதை எண்ணெயும் இருந்தன. அந்தச் சித்திரை விடுமுறைக்கு நான் புதுப் பாவாடை கேட்கவில்லை என்று அம்மாவுக்கு ஆச்சரியம்.

எங்கள் பக்கத்து மாடுகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கன்று பிறக்கும்போது 'செவலை'யாக இருக்கும். ஆறேழு மாதத்தில் அந்தச் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, சாம்பல் பூத்த 'மயிலை'யாகிவிடும். ஊரில் ஒருவரும் இதை அதிசயமாகப் பேசியதில்லை. எனக்கு மட்டும், போகப்போகிற நிறம் என்பதாலேயே அதை எழுதிவிட வேண்டும் என்றிருந்தது. உடைந்த பெட்டியின் பலகை ஒன்றைத் தேய்த்து வைத்துக்கொண்டு தொழுவத்து வாசலில் உட்கார்ந்தேன். பார்க்கப் பார்க்க அந்தச் சிவப்பு ஒரு சிவப்பாக இல்லை. முதுகில் நனைந்த செங்கல், வயிற்றோரம் பொள்ளாச்சி வெல்லம், வெயில் படாத பக்கத்தில் கத்தரிப்பூ. நிழல் கறுப்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கண்ணில் பட்ட ஊதாவை அப்படியே வைத்தபோது அம்மா எட்டிப் பார்த்து, "கன்னுக்கு எங்காச்சும் அடி பட்டுப்போச்சா அம்மணி?" என்றாள்.

கன்றுக்கு இருந்த குறை வேறு. அதன் நெற்றியில் அடுப்புக் கல் வைத்தாற்போல் மூன்று மயிர்ச்சுழிகள் இருந்தன. அதை 'முக்கண் சுழி' என்பார்கள். அப்படிப்பட்ட மாடு வந்த வீடு உருப்படாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கொம்பு, திமில், நடை எல்லாம் பார்த்து முடித்துவிட்டுக் கடைசியில் சுழிக்காக மாட்டை வேண்டாம் என்று விட்டுப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அப்பாவோ, பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் அவருடைய கன்றுக்கு ஜோடியாக இதைத் தருவதாக வாக்குக் கொடுத்து, "சுழி சுத்தமுங்க" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தார். ஆகவே தினமும் விடிந்ததும் ஒரு கரண்டி விளக்கெண்ணெயை அதன் நெற்றியில் தேய்த்து மயிரைப் படிய வைப்பார். "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கறீங்க" என்று அம்மா சொல்வாள். அப்பாவுக்கு அது மட்டும் காதில் விழாது.

நான் கன்றை எழுதியது சாயங்காலங்களில், எண்ணெய் காய்ந்து சுழி மறுபடி எழுந்து நிற்கும் நேரத்தில். இருந்ததை இருந்தபடி மூன்றையும் எழுதினேன். அப்பா வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாஞ் சரி. அந்தச் சுழிய மட்டும் எழுதிப்போடாத கண்ணு. நாலு பேரு வந்து போற ஊடு" என்றார்.

எனக்கு அழிக்க மனம் வரவில்லை. மறுநாள் காலையில் அவர் எண்ணெய் தடவி முடித்ததும், நெற்றியில் தெரிந்த மினுமினுப்பை வெள்ளையும் கொஞ்சம் மஞ்சளும் குழைத்துத் திட்டாகச் சுழிகளின்மேல் வைத்தேன். வைத்தவுடன் படம் உயிர் பெற்றது. உள்ளதைச் சொல்வதானால், படத்தில் நான் வைத்த பொய் அது ஒன்றுதான், படத்தில் அழகாக இருந்த இடமும் அது ஒன்றுதான். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அந்த இடத்தில்தான் விரலை நீட்டினார்கள். பெரியவரும் வந்து பார்த்து, "நெத்தி மினுங்குது பாரு" என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். அப்பாவின் வாக்குக்கு நான் சாட்சி எழுதிக் கொடுத்தது போலாயிற்று.

ஆடியில், மேய்ச்சலுக்குப் போன கன்று திரும்பவில்லை. அப்பா பத்து நாள் அலைந்தார். தை மாதம் நான் பொங்கலுக்கு வந்திருந்தபோது, பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் அதைக் கண்டுபிடித்துவிட்டார். அதற்குள் அது மயிலையாகியிருந்தது. கையில் பிடித்திருந்த வியாபாரி அதை வேறு ஒரு சந்தையில் வாங்கினவர், சண்டைக்காரர் அல்ல. தாம் கூப்பிட்டதும் கன்று திரும்பிப் பார்த்தது என்று அப்பா சொன்னதற்கு, "கூப்பிட்டா எந்தக் கன்னும் திரும்புமுங்க. உங்கூர்ப் பெரியவங்க உங்களுதுன்னு சொன்னா விட்டுப்போட்டுப் போறேனுங்க" என்று சொல்லி, இரண்டு நாள் நடத்தி எங்கள் வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

நியாயம் சொல்ல வந்தவர் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர். கன்றைச் சுற்றி வந்தார். நெற்றியில் எண்ணெய் இல்லை. மூன்று சுழியும் பளிச்சென்று தெரிந்தன. பெரியவர் அப்பாவைப் பார்த்து, "உன்ற கன்னு சுழி சுத்தம்னு சொன்னியே?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மணி, அந்தப் படத்தக் கொண்டா" என்றார் பெரியவர்.

கொண்டுவந்தேன். கன்றையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்த வியாபாரி, "படத்துல செவலைங்க, இது மயிலை" என்று இழுத்தார்.

"நெறம் மாறும், அத விடு" என்றார் பெரியவர். "சுழி மாறுமா?"

பலகை என் கையில் இருந்தது. கட்டைவிரல் அந்த வெள்ளைத் திட்டின்மேல் இருந்தது. தடித்து வைத்த வர்ணம் அது. நகத்தால் சுரண்டினால் பெயரும், அடியில் மூன்றும் இருக்கின்றன, கன்று எங்களுக்குத் திரும்பிவிடும். அதே நகம், வாக்குத் தவறியவர் என்று அப்பாவை ஊர் முன்னால் நிறுத்திவிடும். நகத்தை ஊன்றிவிட்டேன். அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

"அம்மணி பொய் எழுத மாட்டாளுங்க. இது எங்க கன்னு இல்லீங்க" என்றார்.

தொழுவத்துக்குள்ளிருந்து தாய்ப்பசு கத்தியது. கன்று கயிற்றை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பியது. வியாபாரி அதை ஓட்டிக்கொண்டு போனார். பெரியவர் அதற்குப் பிறகு எங்களிடம் கன்று கேட்கவில்லை. கன்று போனதில் எனக்கு வருத்தம்தான். அதைவிட, அப்பா தம் பொய்யை என் பெயரை வைத்து முடித்தது அதிகமாகச் சுட்டது. பல வருஷம் அவரிடம் நான் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அவரும் காரணம் கேட்டதில்லை.

பிற்காலத்தில் மில் முதலாளிகள் வீட்டுக் கூடங்களுக்கு உருவப்படம் எழுதிப் பிழைத்தேன். "மச்சத்த உட்டுப்போடுங்க", "மூக்கக் கொஞ்சம் எடுப்பாக்கிப்போடுங்க" என்று சொல்லாத வீடு இல்லை. மாட்டேன் என்பேன். திமிர் பிடித்தவள் என்ற பெயரும், அதனால் கைவிட்டுப் போன வேலைகளும் உண்டு. பின்னால் எழுதிய படங்கள் சுமாரானவை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த நெற்றி வெளிச்சத்தைப் போல இன்னொன்று என் கைக்கு வரவில்லை.

தோட்டம் இருந்த இடத்தில் இப்போது மோட்டார் உறுப்புகளைக் கடைசல் பிடிக்கும் பட்டறை இருக்கிறது. தொழுவம் இல்லை, அப்பா இல்லை, பெரியவரும் இல்லை. பலகை மட்டும் என் அறைச் சுவரில் இருக்கிறது. வெள்ளை வர்ணம் வயதாக ஆக மெலிந்து, அடியில் மூடியதைக் காட்டிக்கொடுக்கும் என்பது எண்ணெய் வர்ணக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சென்ற மாதம் ஒரு காலையில் சன்னலைத் திறந்தபோது வெயில் பலகைமேல் சாய்வாக விழுந்தது. செவலை மங்கிச் சாம்பல் பூத்திருந்தது. நெற்றியில் மூன்று சுழியும் ஒன்றுவிடாமல் தெரிந்தன. அது எங்கள் கன்றுதான் என்று இனி யாரிடமும் காட்டிச் சொல்லலாம். கேட்கத்தான் ஆள் இல்லை.